பவுனம்மாள் முதுகைக் காட்டவில்லை

1

இந்தக் கதை ஒரு கிலோ துவரம்பருப்பிலிருந்து பிறந்தது. வில்லியனூரில் புதிதாக வந்திருக்கும் தள்ளுபடிக் கடையில் பருப்பு இருபது ரூபாய் குறைவு. ஆனால் எங்கள் தெருமுனை மளிகைக்காரரிடம்தான் காலங்காலமாக வாங்குகிறேன். அவர் கடையைத் தாண்டாமல் வீட்டுக்கு வழியில்லை. ஓய்வூதியம் வாங்குகிற மனுஷன், தள்ளுபடிக் கடைப் பருப்பைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு எட்டு மாதக் கர்ப்பிணிபோல் நடந்தேன்.

"இன்னா சார், வயிறு?" என்றார்.

"வாயு" என்றேன்.

பயம் ஆறுவதற்குள் எழுத உட்கார்ந்துவிட்டேன். ஆனால் அந்த மனிதர் கதை படிக்கிறவர். அதனால் எல்லாவற்றையும் பிரெஞ்சுக்காரன் காலத்துக்கு, 1936க்கு, கிருமாம்பாக்கத்துக்குப் பக்கத்தில் ஓர் ஊருக்குத் தள்ளிவிட்டேன். அவ்வளவு தூரம் துரத்திக்கொண்டு வரமாட்டார்.

2

முதல் தொடக்கம்: பாகூர் ஏரியின்மீது கதிரவன் தன் பொற்கரங்களை…

வேண்டாம். கதிரவனுக்கு இதில் வேலை இல்லை.

இரண்டாம் தொடக்கம்: ஊரில் இரண்டு கடைகள். பழையது சிவப்பிரகாசத்தினுடையது, புதியது சுப்பராயலுவினுடையது. புளி, மிளகாய், வெல்லம், எதைக் கேட்டாலும் புதுக் கடையில் விலை பாதி. (பாதி இல்லை, கால்வாசிதான் குறைவு. பாதி என்றால் நீங்கள் வாய் பிளப்பீர்கள், அதைப் பார்க்க எனக்கு ஆசை.) சுப்பராயலு புதுச்சேரிக் கிடங்கிலிருந்து தானே வண்டி கட்டிச் சரக்கு கொண்டுவருகிறான். கொசுறு மட்டும் கிடையாது. பழைய கடையில் விலை அதிகம், ஆனால் கிளம்பும்போது உள்ளங்கையில் ஒரு துண்டு வெல்லம் விழும்.

அப்படியானால் ஊரே புதுக் கடைக்குப் போயிருக்குமே என்பீர்கள். அவசரப்படாதீர்கள். ஊர் நஞ்சையில் முக்கால்வாசி சிவப்பிரகாசத்தினுடையது. நடவுக்கு யார் யார் வரலாம் என்று வெள்ளிக்கிழமை கடை வாசலில்தான் பெயர் சொல்லுவார். புதுக் கடையில் வாங்கியவள் பெயர் அவர் வாயில் வராது. போன வருஷம் காசம்மாள் என்ற நடவுக்காரியின் பெயர் வரவில்லை. அவள் வீட்டு அடுப்பில் கொஞ்ச நாள் ஏரிக்கரைக் கீரை மட்டும் வெந்தது. பிறகு அதுவும் இல்லை, கதவு வெளியே பூட்டிக் கிடந்தது. (இந்த இடத்தில் மிகைப்படுத்த எனக்குக் கை வரவில்லை.)

3

அவருக்கு எப்படித் தெரியும்? பழைய கடைப் பொட்டலம் இலையில் மடித்து வாழைநாரால் கட்டியது. புதுக் கடையில் காகிதம், சிவப்பு நூல். பெண்கள் சரக்கை மடியில் கொட்டிக்கொண்டு காகிதத்தைக் கரும்புக் கொல்லையில் திணித்துவிடுவார்கள். பிறகு பழைய கடைக்குப் போய், அவர் கண்ணில் படுவதற்காகவே உப்பு மட்டும் வாங்குவார்கள். அப்படியும் அவருக்குத் தெரிந்துவிடும். பார்த்ததைச் சொல்கிறவளுக்கு வெல்லத் துண்டு பெரிதாக விழும்.*

சிவப்பிரகாசத்துக்கு முதல் வரைவில் ஏழடி உயரம் கொடுத்தேன். மீசையின் இரு முனையிலும் எலுமிச்சம்பழம் நிற்கும். பயமே வரவில்லை. அடித்துவிட்டு, குள்ளமாக, மெல்லப் பேசுகிறவராக, ஒவ்வொருத்தியையும் பெயர் சொல்லி நலம் கேட்பவராக எழுதினேன். இப்போது எனக்கே பயம் வந்துவிட்டது.

* பெரிது என்றால் யானைத் தலை அளவு என்று எழுதி, பிறகு எலுமிச்சை அளவாகக் குறைத்தேன்.

4

வெள்ளிக்கிழமை. பவுனம்மாள் கடைப் பலகைமுன் நிற்கிறாள். நடவுக்கூலி. அவளும் மகள் கலியம்மாளும் அந்தக் கூலியில்தான் சாப்பிட வேண்டும்.

"இன்னா பவுனு, உப்பு மட்டுந்தானா? வூட்ல கொழம்பே வெக்கறது இல்லியா?"

"வெக்கறோம் ஆண்டே. போன வாரத்துப் புளி கெடக்குது."

"யாரு கடைப் புளி?"

"ஒங்க கடைதான் ஆண்டே. வேற எங்க போவப் போறேன்?"

பக்கத்தில் நின்ற செங்கமலம் வாயை அசைக்காமல் பேசினாள். "யக்கா, திரும்பிடாத. ஒந் தலயில…"

"இன்னா, பேனு ஊருதா?"

"பேனுன்னா நசுக்கிப் போட்டுற மாட்டனா? நூலு யக்கா. செவப்பு நூலு."

பவுனம்மாளுக்குப் புரிந்துவிட்டது. புதுக் கடைப் புளி வந்த காகிதத்தை எறிந்தாகிவிட்டது. நல்ல நூலை எறியக் கலியம்மாளுக்கு மனசு வரவில்லை. எடுத்து வைத்து, அதிலேயே முல்லை தொடுத்து, புறப்படும்போது அம்மாவின் கொண்டையில் ஆசையாகச் சுற்றிவிட்டிருக்கிறாள்.

5

எப்படி வெளியே கொண்டுவருவது? மூன்று நாளாக நானும் அவளோடு நிற்கிறேன்.

முடிவு அ: திடீரென்று மழை கொட்டி எல்லோரும் ஓடுகிறார்கள். (தள்ளுபடி விலை முடிவு. கொசுறுகூடக் கிடைக்காது.)

முடிவு ஆ: முந்தானையைத் தலைக்கு இழுத்துக்கொள்கிறாள். "யாரு செத்துப் பூட்டாங்க பவுனு?" என்று அவர் மெல்லக் கேட்பார்.

முடிவு இ: பூவைப் பிடுங்கி எறிய அவள் கையை உயர்த்… இல்லை, அவர் கண் அந்தக் கையோடு கூடவே போகும்.

மிச்சம் ஒரே வழி. முதுகைக் காட்டாமல், கும்பிட்டபடி பின்னாலேயே நடப்பது. பெரியவர்முன் அப்படிப் பின்வாங்குவது மரியாதைதானே! எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. நட பவுனம்மா, நட! ஓர் அடி. இன்னோர் அடி. சிவப்பிரகாசத்தின் முகம் மலர்கிறது.

அடுத்த அடியில் யார்மீதோ மோதிவிட்டாள்.

உங்கள்மீது. ஆமாம், இவ்வளவு நேரமும் நீங்கள் அவளுக்குப் பின்னால்தான் நிற்கிறீர்கள். முல்லைக்கு நடுவே அந்தச் சிவப்பு உங்கள் மூக்குக்கு நேரே இருக்கிறது. அவள் முதுகு உங்கள் கையில் முட்டி நிற்கிறது.

சிவப்பிரகாசம் அவள் தோளுக்கு மேலே எட்டி, உங்களைப் பார்த்துப் புன்னகைக்கிறார்.

"இன்னாம்மா, பவுனு ஏன் பின்னாலயே வருது? அங்க இன்னா இருக்குது, நீ பாத்தியா?"

எலுமிச்சை அளவு வெல்லத் துண்டு ஒன்றை எடுத்து நீட்டுகிறார்.

நான் பேனாவை மூடிவிட்டேன். பதில் சொல்ல வேண்டியது நீங்கள். ஒன்று மட்டும் ஞாபகம் இருக்கட்டும்: நடவுக்கு உங்கள் பெயரையும் அவர் இன்னும் சொல்லவில்லை.