தலைவர் வரும்வரை

மேற்கே பச்சைமலையின் தோளில் சாய்ந்த கதிரவன், பெரம்பலூர்ப் பக்கத்துக் கரிசல் நிலங்களில் வெடித்துக் கிடந்த பருத்தியைப் பொன்னாக்கி, கிழக்கே அரியலூர்ச் சுண்ணக்கல் குழிகளின் வெண்மையில் செம்மை பூசி, சிமெண்ட் என்னும் பைஞ்சுதை ஆலைகளின் புகைபோக்கிகளுக்கிடையே தன் கதிர்களைச் சுருட்டிக்கொண்டிருந்த மாலைப்பொழுது. பண்டு கடலாய்க் கிடந்து, பின் நிலமாய் எழுந்து, இன்று கல்லாய் வெட்டுண்டு ஊரூராய்ப் போய்க்கொண்டிருக்கும் அம்மண்ணில், சாலையோரத்துப் புளியும் வேம்பும் நீறு பூசிய அடியவர்போல் இலையெல்லாம் வெளுத்து நின்றன. அரியலூர்க் கடைத்தெருவை அடுத்த திடலில் மேடை எழுந்திருந்தது. அதன் முன் மக்களும் நிறைந்திருந்தனர். முன்னெல்லாம் தலைவர் காசிநாதனைக் காண வரும் கூட்டம் மாலைகளைக் கையிலும் மழலைகளைத் தோளிலும் ஏந்தி வரும். அன்று வந்த கூட்டமோ கைகளைக் கட்டிக்கொண்டு வந்திருந்தது.

நூல்நயம் அறிந்த அன்பரே, மேடையில் ஒலிவாங்கியின் முன் நின்று பேசிக்கொண்டிருந்தவர் காசிநாதன் அல்லர்; அவருடைய இளமைத் தோழர், பெரம்பலூரில் விதைக்கடை நடத்தும் ராஜவேல். தலைவர் வந்து சேரும்வரை கூட்டம் கலையாமல் காக்க ஒருவர் பேசிக்கொண்டே இருக்கவேண்டும் என்பதும், தலைவரின் வண்டி விளக்கு தெரிந்த நொடியிலேயே எவ்வளவு அழகிய தொடராயினும் அதை நடுவில் முறித்து, “இதோ, தலைவர் வந்துவிட்டார்” என்று முழங்கி விலகவேண்டும் என்பதும் நம் மேடைகளின் எழுதாத முறை. அந்தப் பணியிலேயே ராஜவேலின் தலை நரைத்தது. தம் வாழ்நாளில் ஒரு சொற்பொழிவையேனும் அவர் முடித்ததில்லை. எஞ்சிய பாதியை வீட்டுக்கு வந்து, சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருக்கும் மனைவி பூங்குழலியிடம் முழங்குவார், அவளும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “மீதியக் கேக்குறதுக்குன்னே என்னைக் கட்டிக்கிட்டு வந்தீங்க போல. நான் அழுவுறது வெங்காயத்துக்குங்க, நீங்க பாட்டுக்கு நெனச்சுக்காதீங்க” என்பாள்.

இருவரும் இளைஞராயிருந்த காலத்தில், சின்னவேளூர் என்னும் சிற்றூரின் ஏரியை விழுங்க வந்த கல்சுமை வண்டிகளின் முன் இருவருமே சாலையில் படுத்தார்கள். மறுநாள் நாளிதழில் வந்த நிழற்படத்தில் காசிநாதனின் முகம் விடிவெள்ளிபோல் ஒளிர்ந்தது. அருகே, படத்தின் ஓரத்தில், யாருடையவோ இரு பாதங்கள் தெரிந்தன. அவை தம்முடையவை என்று ராஜவேல் சொன்னபோது நம்பியவள் புதுமணப்பெண்ணான பூங்குழலி ஒருத்தியே. அவளும் “கட்டவெரல் நகம் உங்களுது மாதிரிதாங்க இருக்கு” என்று சிரித்துக்கொண்டுதான் நம்பினாள்.

ஏரி பிழைத்தது, காசிநாதன் உயர்ந்தார். முகம் பெற்றவர் சட்டமன்றம் புகுந்தார். பாதம் பெற்றவர் அவர் வரும்வரை பேசும் பணியில் நின்றார். ஆண்டிமடத்து முந்திரித் தோப்புகளிலிருந்து கொள்ளிடக் கரைவரை ஆண்மகவு பிறந்த இல்லங்களில் காசிநாதன் என்னும் பெயர் ஒலித்தது. அவருடைய கரகரத்த குரலையும், பேச்சின் நடுவே அவர் இருமுவதையும்கூட மக்கள் விரும்பினர். அவ்விருமலுக்கே கைதட்டல் எழுந்ததை ஒருநாள் மேடையின் ஓரத்திலிருந்து கேட்ட ராஜவேல், தம் குரல் ஏன் இவ்வளவு தெளிவாய்ப் பிறந்தது என்று நொந்துகொண்டார். நட்பு இல்லாமலில்லை. ஆயினும் நட்பின் அடியில், நெல்லின் அடியில் ஓடும் எலிவளைபோல, அழுக்காறு தன் வழியை அமைதியாய்த் தோண்டிக்கொண்டே இருந்தது. தம் மகள்வயிற்றுப் பேரனுக்கும் மருமகன் அந்தப் பெயரையே சூட்டியபோது, மடியில் கிடந்து சிரித்த அப்பிள்ளையை அவர் ஒருமுறையேனும் பெயர் சொல்லி அழைத்தாரில்லை; ‘ஐயா’ என்றும் ‘ராசா’ என்றும் அழைத்து அப்பெயரின்மேல் நடக்காமல் ஒதுங்கிச் சென்றார்.

சென்ற ஆண்டு அவர் காத்திருந்தது நடந்தது. சின்னவேளூர் ஏரிக்கு நீர் வரும் மேட்டில் சுண்ணக்கல் குழியொன்று தோண்டப்பட்டது. பெய்த மழையையெல்லாம் குழி குடித்தது. ஏரி ஒட்டிய வயிறாய்க் கிடந்தது. குழியின் உரிமையாளன் ராசாங்கம், காசிநாதனின் தங்கை கணவன் என்று ஊர் அறிந்த அன்றே, அந்தப் பழைய நிழற்படம் கைபேசிதோறும் மீண்டும் பறந்தது. ‘அன்று வண்டிக்கு முன் படுத்தவர், இன்று வண்டிக்கே சொந்தக்காரர்’ என்னும் வரியை யாரோ அதன்மேல் எழுதியிருந்தார்கள். வரவேற்பு வளைவுகளில் அவர் முகத்தில் சாணம் அப்பியது. பிள்ளைக்கு அப்பெயர் வைத்தவர்கள் வேறு செல்லப்பெயர் தேடினர். நாட்டார் வருந்தியிருந்த அந்நாளில் ராஜவேல் உணவருந்திய வகையைக் கண்ட பூங்குழலி, “ஊரே சாவு விழுந்த மாதிரி கெடக்கு. நீங்க என்னங்க, ரெண்டாந்தடவ ரசம் கேக்குறீங்க?” என்றாள். அவர் ரசத்தை மட்டும் வாங்கிக்கொண்டார்.

ஆனால், அன்பரே, ஊர் அறியாத ஒன்றை ராஜவேலும் பூங்குழலியும் அறிவர். குழி தோண்டத் தொடங்கிய நாள்களில், பெரம்பலூரில் அவர்கள் இல்லத்து நண்பகல் விருந்துக்குக் காசிநாதனும் ராசாங்கமும் வந்திருந்தபோது, காசிநாதன் அக்குழியை மூடச் சொல்லி ராசாங்கத்திடம் மன்றாடி, பின் வெகுண்டு, பரிமாறிய இலையில் கைவைக்காமல் எழுந்தார். ராசாங்கம் குழம்பைப் பிசைந்துகொண்டே, “மூடுறேன் மச்சான். அப்புடியே உங்க தங்கச்சியையும் கூட்டிட்டுப் போயிடுங்க” என்றான். தங்கையின் வாழ்வுக்கு அஞ்சி வெளியில் அவர் வாய் திறக்கவே இல்லை.

இப்போது மறைக்க ஏதுமில்லை. கணவனை விட்டுத் தங்கையே வந்துவிட்டாள். கூட்டம் நடக்கவிருந்த அன்று காலை காசிநாதன் விதைக்கடைக்குத் தனியே வந்து, மிளகாய் விதை மூட்டையின்மேல் அமர்ந்தார்.

“ராஜு, நான் சொன்னா தப்பிக்கப் பாக்குறான்னுதான் பேசுவாங்க. அன்னைக்கு உன் வூட்டுல நடந்தத நீ சொல்லு. உன்ன நம்புவாங்க.”

“சொல்றேன்.”

“நீ முழுசாப் பேசி முடிக்கிற வரைக்கும் நான் மேடைப்பக்கம் வரமாட்டேன். எத்தன நேரமானாலும் சரி.”

வாழ்நாளெல்லாம் எந்த வரத்துக்காக ராஜவேல் ஏங்கினாரோ அந்த வரம் அது. கொடுத்த கை எவருடையது என்பதே அதில் முள்ளாயிருந்தது.

ஆகவே அந்த மாலையில் அவர் பேசினார். இந்நிலம் கடலாயிருந்த தொன்மையைப் பேசினார். ஏரிகள் வெட்டிய வேந்தரைப் பேசினார். கொள்ளிடத்தின் வெள்ளத்தையும், கோடையில் அதன் மணல் காயும் வெறுமையையும் பேசினார். சொற்கள் அணிவகுத்து வந்தன. கூட்டத்தின் நடுவிலிருந்து சின்னவேளூர்ப் பொன்னுத்தாய் எழுந்து, “ஐயா, கடலு இருந்ததெல்லாம் இருக்கட்டுங்க. எங்க ஏரிய என்ன பண்ணாங்கன்னு சொல்லுங்க” என்றாள். சிரிப்பலை எழுந்து அடங்கியது. அடங்கிய அவ்வமைதி, அவர் என்றுமே பெற்றிராத அமைதி. அத்தனை முகங்களும் அவர் வாயையே நோக்கின.

“அதைத்தான் சொல்ல வந்தேன். அன்றொரு நண்பகல், என் இல்லத்தில்…” என்று அவர் தொடங்கினார்.

அப்போது திடலின் எல்லையில், வெளுத்த வேம்பின் அடியில், வெண்சட்டை ஒன்று தெரிந்தது. காசிநாதன் தனியே நின்றிருந்தார். சொன்ன சொல்லைக் காத்து, தம்மை எவரும் காணாதபடி, தீர்ப்புக்கு நிற்பவர்போல் கைகோத்து நின்றிருந்தார். அடுத்த சொல்லைச் சொன்னால் இம்மக்கள் எழுவர், அந்த மரத்தடிக்கு ஓடுவர், அம்மனிதரைத் தோளில் தூக்குவர் என்பதை ராஜவேல் கண்ணெதிரே கண்டார். தாம் முடிக்கும் முதற்பேச்சும் இன்னொருவருடைய வெற்றியாகவே முடியும். நெஞ்சில் அது தைத்த நொடியில், பல்லாண்டுப் பழக்கம் ஒரு வாயிலைத் திறந்துவைத்ததுபோல் தோன்ற, அதனுள் அவர் புகுந்துகொண்டார்.

“இதோ,” என்று முழங்கினார், “தலைவர் வந்துவிட்டார்!”

கூட்டம் திரும்பிப் பார்த்தது. கூச்சல் எழுந்தது. அதனூடே நடந்து மேடையேறிய காசிநாதன் ஒலிவாங்கியைப் பற்றி, தோழரையே நோக்கி, “ராஜு இன்னும் முடிக்கல. முடிக்கட்டும். நான் நிக்கிறேன்” என்று அதைத் திருப்பி நீட்டினார்.

ராஜவேல் அதை வாங்கவில்லை. தூய மேடைத் தமிழில், “நான் முடித்துவிட்டேன்” என்றார்.

பின் காசிநாதன் சொல்ல முயன்றதெல்லாம் நகைப்பொலியில் மூழ்கிற்று. அவர் இருமினார், அதற்கும் நகைத்தார்கள். ஒருகாலத்தில் மலர் தூவிய கைகள் வழிவிட மட்டுமே விலக, அவர் இறங்கிப் போனார். திங்கள் மாறுமுன் கட்சி அவர் பொறுப்புகளைப் பறித்தது. திருமழபாடியில், ஆற்றங்கரையை ஒட்டிய தங்கையின் சிறுவீட்டில் அவர் ஒதுங்கிவிட்டார் என்று பேசிக்கொண்டார்கள்.

பூங்குழலி அதன்பின் சில நாள் கணவரிடம் பேசவில்லை. ஒருநாள் காலையில், உலையில் அரிசியைக் களைந்து போட்டவாறே கேட்டாள்.

“நம்ம வூட்டுல நடந்தத ஏங்க சொல்லல?”

“சொல்ல வந்தேன். அதுக்குள்ள அவன் வந்துட்டான்.”

“அவரு வந்தாரா, நீங்க வரவெச்சீங்களா?”

சோற்றை வடித்து மூடிவைத்து, கஞ்சி போட்ட நூற்சேலையை உடுத்து, அரியலூர்ப் பேருந்தில் ஏறிவிட்டாள். சின்னவேளூரில், வறண்ட ஏரியின் மதகடியில் வேலையோய்ந்து அமர்ந்திருந்த பெண்களிடம், மேடையும் ஒலிவாங்கியும் இன்றி, அன்று இலையில் வைத்த கூட்டுப்பொரியல் முதல் உண்ணாமல் எழுந்த கைவரை நடந்ததை நடந்தபடி சொன்னாள். பொன்னுத்தாய் தரையைக் கீறிக்கொண்டே, “வூட்டுக்குள்ள போட்ட சத்தத்த வெளிய வந்து போட்டிருந்தா எங்க ஏரி இருந்திருக்குமேம்மா” என்றாள். பிறகு, “ஆனா திருடன்னு சொன்னது தப்புதான். அத நாங்க போயிச் சொல்லிட்டு வரோம்” என்றாள். அவர்கள் திருமழபாடிக்குப் போனதும், காசிநாதன் வாயிலில் நின்று அவர்களைக் கும்பிட்டதும் உண்மை. ஆனால் போன புகழ் மீளவில்லை; ஏரியும் நிறையவில்லை.

சின்னவேளூர் சென்ற அன்று மாலை பூங்குழலி வீடு திரும்பியபோது, ராஜவேல் வாயிற்படியில் நின்றிருந்தார். எங்கே போனாள் என்பதை ஊரார் அதற்குள் அவர் காதில் சேர்த்திருந்தனர். தோழர் என்ன ஆனார் என்றோ, அம்மக்கள் தம்மை என்ன சொன்னார்கள் என்றோ அவர் கேட்கவில்லை. அவள் செருப்பைக் கழற்றும்வரை பொறுத்திருந்து, தாழ்ந்த குரலில் கேட்டார்:

“நீ பேசி முடிக்கிற வரைக்கும்… யாராச்சும் நடுவுல எந்திரிச்சுப் போனாங்களா?”

பூங்குழலி அவரை ஏறிட்டுப் பார்த்தாள். சினம் கொள்ள எண்ணியவளின் கண்ணில் இரக்கமே வந்து நின்றது.

“யாரும் எந்திரிக்கலங்க,” என்றாள்.

அவர் தலையசைத்து, உள்ளே வராமல் அங்கேயே நின்றார். மேடையில் நின்றவன் வீழ்ந்தால் ஊர் அறியும். அவனை நோக்கி நின்றவன் தன் நெஞ்சுக்குள் வீழ்வதை உடன் உண்டு உறங்கும் ஓர் உயிரே அறியும். தெருவில் விளக்குகள் ஏற்றப்பட்டன. அவர் முகத்தில் ஒளி படாதவாறு பூங்குழலி கதவைச் சற்றே சாய்த்துவிட்டு, உள்ளே சென்று அவருக்குச் சோறு போட்டாள்.