மொபெட் எல்லாம் ஒரு வண்டியா

ரேஷன் கடை வரிசையில் வேலுசாமி பொதுவாகத்தான் பேசினார். பார்வை மட்டும் சாலம்மாளின் பழைய மொபெட் மேல் இருந்தது.

"வண்டி வெச்சிருக்கறவங்களுக்கு எதுக்குங்க இலவச அரிசி? அவங்க அட்டையெல்லாம் நிறுத்தச் சொல்லி மனுக் குடுக்கப் போறேன்."

சாலம்மாள் தன் வண்டியைத் திரும்பிப் பார்த்தாள். விடிவதற்குள் வெற்றிலைக் கொடிக்காலுக்கு வேலைக்குப் போய்ச் சேரத்தான் அந்த மொபெட்டை வாங்கியிருந்தாள். அட்டை போனால் அவள் கூலி அரிசிக்கே சரியாகிவிடும்.

வேலுசாமி தன் பங்கு அரிசியை வாங்கிக்கொண்டு தன் காரருகே போனார். அரிசி அவர் வீட்டு எருமைக்கு. கார் சீட்டு அழுக்காகுமே என்று யோசித்தார்.

"சாலம்மா, இந்த மூட்டைய உன்ற வண்டியில கொண்டுபோயி எங்கூட்டுக் கொட்டாயில எறக்கீரு சாமி."

"வண்டி வெச்சிருந்தா அட்டை போயிருமுங்களே. வித்துப்போடலாம்னு இருக்கறனுங்க."

வேலுசாமி மூட்டையைப் பார்த்தார், காரைப் பார்த்தார்.

"மொபெட்டெல்லாம் ஒரு வண்டியா? அத மனுவுல சேக்க மாட்டேன்."

"அப்பக் காருங்க?" என்றாள் வரிசையில் நின்ற ஜோதி.

"காரப் பத்தி இங்க யாரு பேசுனா?"

சாலம்மாள் எருமையின் அரிசியை முன்னால் பத்திரமாக வைத்து, தன்னுடையதைப் பின்னால் கட்டிக்கொண்டு கிளம்பினாள்.