முழங்கால் சேறு

ஐந்தாம் நாளாக மழை. கொல்லையில் இருந்த குழாய்க்குள் அளவு நாடாவை இறக்கினேன். நுனி தண்ணீரைத் தொட்டதும் கீச்சென்றது. மூன்று மீட்டர் இருபத்தைந்து. நோட்டில் எழுதிக்கொண்டு மண் மேடத்துக்கு போன் போட்டுச் சொன்னேன். சரிவுகளில் துளை போட்டு மண்ணைச் சோதிக்கும் பொறியாளர் அவர். சொந்தப் பெயரைச் சொன்னால் எங்கள் தெருவில் ஒருவருக்கும் தெரியாது, மண் மேடம் என்றால் கைக்குழந்தைகூடத் திரும்பிப் பார்க்கும்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் எட்டு மீட்டர் ஆழத்துக்கு அந்தக் குழாயை இறக்கியவர் அவர்தான். எங்கள் சரிவில் மேலே பொலபொலவென்ற மண், அடியில் வழவழவென்ற களிமண். மழைத்தண்ணீர் களிமண்ணைத் தாண்ட முடியாமல் அதன் மேலேயே தேங்கினால், ஈரத் தட்டில் வைத்த சோப்பு மாதிரி மேல்மண் வீடுகளோடு வழுக்கிவிடும் என்று சொல்லியிருந்தார். குழாயின் விளிம்பிலிருந்து மூன்று மீட்டருக்குக் கீழே தண்ணீர் இருக்கும்வரை பயமில்லை. அதற்கு மேலே ஏறினால் எங்கள் வரிசையும் கீழ் வரிசையும் காலி செய்ய வேண்டும். தினமும் காலையில் அளந்து சொல்வது என் பொறுப்பு. அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு, இல்லையென்றால் பொய்.

எங்கள் வீட்டுக்கு நேர் கீழே என் நாத்தனார் வீடு. போன மழைக்காலத்தில் பச்சைக் குழந்தையோடு மூன்று வாரம் பள்ளிக்கூட ஹாலில் படுத்துக் கிடந்தவள். திரும்பி வந்த கையோடு, இனி எங்கேயும் போவதில்லை என்பதுபோல வீட்டுச் சுவர் முழுக்க நீலம் அடித்தாள். நான் அளந்து முடிக்கும் நேரம் பார்த்துப் படியேறி வருவாள். "இன்னைக்கு எவ்வளவு, அண்ணி?" என்பாள். அன்றும் கேட்டாள். மூன்றேகால் என்றதும் இடுப்புக் குழந்தையை ஏற்றி வைத்துக்கொண்டு சிரித்தாள்.

"ஏன் அண்ணி, இப்பல்லாம் உங்க முட்டியில சேறே காணோம்? முன்னெல்லாம் அளந்துட்டு எருமை மாதிரி எழுந்து வருவீங்க."

நானும் சிரித்தபடி குனிந்து முட்டியைப் பார்த்தேன். சிரிப்பு பாதியில் நின்றது.

முன்பு அந்தக் குழாய் தரைக்கு மேலே ஒரு சாண்தான் இருந்தது. மண்டியிட்டால்தான் நாடா விட முடியும். என் கணவர் குழாய் வேலை செய்பவர். மழைக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, என் முதுகுவலியைப் பார்க்கச் சகிக்காமல், மேலே ஒரு துண்டு ஒட்டி உயர்த்திக் கொடுத்தார். இருபது வருடத்தில் நான் கேட்காமல் அவராகவே செய்த ஒரே வேலை. தெரு முழுக்கப் பெருமை பேசியிருந்தேன். மூன்று வாரமாக அந்தப் புது விளிம்பிலிருந்துதான் அளந்துகொண்டிருக்கிறேன்.

ஒட்டிய துண்டின் மேல் நாடாவை வைத்துப் பார்த்தேன். நாற்பது சென்டிமீட்டர். கழித்தேன். நம்பாமல் மறுபடியும் கழித்தேன். இரண்டு எண்பத்தைந்து.

நாளைக்கு மழை விட்டுவிடும், யாருக்கும் சொல்லாமல் அப்போதிலிருந்து சரியாக எழுதிக்கொள்ளலாம் என்று ஒரு நிமிடம் நினைத்தேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் நினைத்தேன். அதற்குள் குழந்தை இடுப்பிலிருந்தே எட்டிக் குழாயைப் பிடித்துக்கொண்டது.

"நான் தப்பா அளந்துட்டேன். தண்ணி மூணுக்கு மேல ஏறிடுச்சு. மூட்டையைக் கட்டு," என்றேன்.

அவள் முகத்தில் ஈயாடவில்லை. விறுவிறுவென்று படியிறங்கிப் போனாள்.

மண் மேடம் திட்டுவார் என்று போனைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். திட்டியிருந்தால் தேவலை. குழாயை என்றைக்கு உயர்த்தினோம் என்று மட்டும் கேட்டார். பிறகு, "இப்பவாவது சொன்னீங்களே. மத்தியானத்துக்குள்ள எல்லாரும் இறங்கிடுங்க," என்றார். என் கணவர் அப்போதே ரம்பத்தை எடுத்து வந்து ஒட்டிய துண்டை அறுத்துப் போட்டார். பாவம், நல்லது செய்யப்போன மனிதர். நாத்தனார் என் முகத்தைப் பார்க்கவில்லை. ஆனால் வீட்டைப் பூட்டும்போது குழந்தையை என் கையில்தான் திணித்தாள்.

சரிவின் அடியிலிருந்து பக்கவாட்டில் நீளக் குழாய்களைச் செருகித் தண்ணீரை வெளியே வடிக்கும் திட்டம் ஒன்று இருந்ததாம். என் அளவுகளைப் பார்த்துவிட்டுத்தான் அவசரமில்லை என்று ஒத்திப்போட்டிருந்தார்கள். திருத்திய அளவு போன மூன்றாம் நாள் துளை போடும் இயந்திரம் வந்து நின்றது. என் கணவர் யாரும் கூப்பிடாமலே போய் அவர்களோடு நின்று குழாய் பொருத்தினார். முதலில் டீ நிறத்தில் கொட்டியது. மண்ணையும் சேர்த்து இழுத்துக்கொண்டு வந்தால் சந்தோஷப்படாதீர்கள், தெளிந்து வர வேண்டும் என்றார் மேடம். நாத்தனார் தினமும் பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு கண்ணாடி டம்ளரோடு வந்து, அதில் பிடித்துப் பார்த்து, கொட்டிவிட்டுப் போனாள்.

வீட்டைக் காலி செய்த ஒன்பதாம் நாளும் தூறல் விடவில்லை. அளப்பதற்கு மட்டும் மேலே போக எனக்கு அனுமதி இருந்தது. நான் கொல்லைக்குப் போன சற்று நேரத்தில் படியில் காலடிச் சத்தம் கேட்டது. நாத்தனார் டம்ளரைத் தளும்பாமல் பிடித்துக்கொண்டு ஏறி வந்தாள். என் பக்கத்தில் நின்று, கீழே தெரிந்த தன் வீட்டுக்கு நேராக அதைத் தூக்கிப் பிடித்தாள். தண்ணீருக்குள் நீலச் சுவர் தெரிந்தது.

"இன்னைக்கு எவ்வளவு, அண்ணி?"

மண்டியிட்டேன். சேறு சில்லென்று இரண்டு முட்டியிலும் ஏறியது. நாடாவை விட்டேன். இரண்டு எண்பத்தைந்து விரலைத் தாண்டிப் போனது. அவளும் பக்கத்தில் மண்டியிட்டுக் குழாயில் காதை வைத்தாள். மூன்று தாண்டியது. இன்னும் சத்தம் வரவில்லை. நாடா இறங்கிக்கொண்டே இருந்தது.