சிவப்புக்குப் பச்சை

எனக்குக் கோபம் சட்டென்று வரும். மறைத்துப் பிரயோஜனமில்லை, எங்கள் தீவில் மீன் வாங்குகிறவர் முதல் பாதிரியார் வரை எல்லோருக்கும் தெரியும். அந்த பிப்ரவரிச் செவ்வாய்க்கிழமையும் வந்தது, பத்தாம் வகுப்பில், நான் டிஎன்ஏ பாடம் நடத்திக்கொண்டிருந்தபோது.

டிஎன்ஏவைப் பலகையில் வரைந்து காட்டினால் ஒருத்தர் மண்டையிலும் ஏறாது. அதனால் படகுத்துறையில் பழைய கயிறுகள் கேட்டு வாங்கி, துணி மாட்டும் கிளிப்புகளுக்குப் படகுக் கொட்டகையில் மிஞ்சிய பெயிண்டை அடித்து வைத்திருந்தேன். சட்டம் எளியது: சிவப்புக்குப் பச்சை ஜோடி, நீலத்துக்கு மஞ்சள். ஜோடிக் கிளிப்புகள் ஒன்றையொன்று கவ்விக்கொண்டால் இரண்டு கயிறும் சேர்ந்து ஏணியாகிவிடும். முறுக்குங்கள் என்றேன். மீன்பிடிக்கிறவர்கள் வீட்டுப் பிள்ளைகள் அல்லவா, சொல்லித்தராமலே சரியான பக்கம் முறுக்கினார்கள். பெருமையாகத்தான் இருந்தது.

அடுத்தது நகலெடுப்பது. ஏணியை நடுவில் பிரித்து, ஒரு குழுவுக்கு ஒரு கயிறு கொடுத்தேன். புதுக் கயிறு எடுத்து, எதிரே இருக்கும் நிறத்துக்கு அதன் ஜோடியை மாட்டினால் முடிவில் ஒரே மாதிரி இரண்டு ஏணி கிடைக்கும். ஐவிந்த் என்ற பையனும் மாரென் என்ற பெண்ணும் எப்போதும் பக்கத்தில் பக்கத்தில்தான். இருவருக்குள்ளும் குசுகுசுப்பு ஓயாது. மாரெனை மற்றக் குழுவுக்கு விரட்டினேன். அவள் முகம் மாறியது. காதல் என்று நினைத்துக்கொண்டேன், பெரிய புத்திசாலி நான்!

ஐவிந்தின் குழுவில் மாட்டும் வேலை அவனுக்கு. இரண்டு ஏணிகளையும் தரையில் போட்டதுமே சிரிப்பு கிளம்பியது. அவன் மாட்டியதில் சிவப்புக்குச் சிவப்பு, பச்சைக்குப் பச்சை என்று ஆறு இடங்களில் கோளாறு.

"டேய், உன் ஏணியில பொறக்கற கொழந்தைக்கு மூக்கு முழங்கால்ல இருக்கும்டா!" என்று பின்னாலிருந்து ஒருவன் கத்தினான்.

எனக்கு ஏறிவிட்டது. "என்ன ஐவிந்த், விளையாடறியா? உங்கப்பா படகுல இப்படி வேல செஞ்சா சும்மா விடுவாரா?"

அவன் தலை குனிந்து நின்றான். மாரென்தான் எழுந்தாள். எங்கள் பள்ளியில் ஆசிரியரையும் பேர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். "அவனத் திட்டாதீங்க குன்வோர். என்னப் பிரிச்சு விட்டது நீங்கதான?"

அப்போதுதான் ஏணியை ஒழுங்காகப் பார்த்தேன். நீலத்திலும் மஞ்சளிலும் ஒரு தப்புகூட இல்லை. ஆறும் சிவப்பிலும் பச்சையிலுமே. இருபத்தேழு வருஷம் உயிரியல் நடத்துகிறவளுக்கு, பையனுக்கு நிறக்குருடு என்று புரிய இதற்கு மேல் என்ன வேண்டும்? நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

மார்ச் முதல் தேதி மேல்படிப்புக்கு விண்ணப்பிக்கக் கடைசி நாள். ஐவிந்த் மாலுமிப் படிப்பைத் தவிர வேறெதையும் எழுதமாட்டான் என்று தீவுக்கே தெரியும். அதற்குக் கண் பரிசோதனை உண்டு. எதிரே வரும் கப்பலின் இடப்பக்க விளக்கு சிவப்பு, வலப்பக்கம் பச்சை. இரண்டையும் பிரித்தறியாதவனைச் சுக்கான் பக்கமே விடமாட்டார்கள்.

மணி அடித்ததும் அவனை மட்டும் நிறுத்தினேன்.

"எப்பலேர்ந்து தெரியும்?"

"எது?"

"எங்கிட்ட நடிக்காத."

"ரெண்டு வருஷமா. எது என்ன கலர்னு மாரென் சொல்லிடுவா. பழகப் பழகச் சரியாயிடும்னு நெனச்சேன்."

"சரியாகாதுப்பா."

ஏணியைக் கையில் எடுத்தான். "நான் எங்க தப்பு பண்ணேன்? இதுல இல்ல, எனக்குள்ள."

"நீ ஒண்ணும் பண்ணல. உன் கைக்கு வந்ததே அப்படித்தான். இது அம்மா வழியா வர்றது. அவங்க கண்ணுல எந்தக் கொறையும் இருக்காது, அவங்களுக்கே தெரிஞ்சிருக்காது. சுமந்துட்டு வந்து கொடுத்ததோட சரி."

உண்மையை மறைக்காமல் சொல்லிவிட்டோம் என்று எனக்கு ஒரு நிம்மதி. அவன் கிளிப்புகளை ஒவ்வொன்றாகக் கழற்றி டப்பாவில் போட்டான்.

"நானே வீட்டுக்கு வந்து அம்மா அப்பாகிட்ட பேசறேன்," என்றேன். "மீன் வளர்க்கற பண்ணைப் படிப்பு இருக்கு, வேற எவ்வளவோ இருக்கு."

"வேண்டாம்."

"மறைக்கற விஷயமா இது? நாளைக்குக் கடல்ல நாலு பேர் உசுரு போகும்டா!"

"கப்பல் படிப்புக்குப் போடமாட்டேன். சத்தியமா. நீங்க சொல்ற மீன் பண்ணையவே எழுதறேன். ஆனா கண்ணாலன்னு மட்டும் அம்மாகிட்ட சொல்லிடாதீங்க."

"நாலு வயசுலேர்ந்து கப்பல் கப்பல்னு கெடந்தவன், திடீர்னு ஏன்னு கேட்டா என்ன சொல்வ?"

"கடல் அலுத்துப் போச்சுன்னு சொல்லிக்கறேன்." டப்பாவை மூடி என் கையில் கொடுத்தான். "அவங்க கொடுத்ததுன்னு தெரிஞ்சா தாங்கமாட்டாங்க."

எனக்கு அழுகை வந்துவிட்டது. பதினைந்து வயதுப் பையன் எதிரில், வகுப்பறையிலேயே நின்று அழுதேன்.