அரவை ஓடும்போது

கிழக்கு வெளுக்கும் முன்பே அரவை உறுமத் தொடங்கிவிடும். வெள்ளைக்கல்லை மாவாக அரைக்கும் ஆலை எங்களுடையது. எங்களுடையது என்று வாய் தவறிச் சொல்கிறேன், முதலாளியுடையது. கல்லை உடைத்துப் போடுகிறவர் ஒருபுறம், குழாய் வாயில் சாக்கைப் பிடித்து நிரப்புகிறவர் மறுபுறம், நிரம்பிய சாக்கின் வாயைத் தைக்கிற நான் நடுவில். முதல் மூட்டை நகர்வதற்குள் இமை முடிகூட வெளுத்துவிடும். மூக்கில் எவ்வளவு இறுக்கித் துணி கட்டினாலும் எச்சில் சுண்ணாம்பாகத்தான் வரும்.

குழாய் வாயில் நிற்பவர் என் அண்ணன். சாக்கின் மேல் குனிந்து மாவை அமுக்க வேண்டும்; அமுக்க அமுக்க அது முகத்தில்தான் எழும்பும். ஒரு காலத்தில் தோளில் மூட்டையும் வாயில் கிண்டலுமாக நடந்த மனிதர், இப்போது தண்ணீர்க் குடத்தருகே போவதற்குள் இரண்டு தடவை உட்காருகிறார்.

அந்த நேரத்தில்தான் ஆராய்ச்சிக்காரப் பெண் வந்தாள். வேலை செய்யும் இடமும் குடியிருக்கும் இடமும் உடம்பை என்ன செய்கின்றன என்று கண்டறியப் போகிறாளாம். "மனசு விட்டுப் பேசுங்கக்கா, உங்க நல்லதுக்குத்தான்" என்றாள். எங்களுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. எங்கள் இருமலையும் ஒருத்தி காது கொடுத்துக் கேட்கிறாளே!

அவள் தூசி அளக்கும் கருவியோடு ஆலைக்கு வந்த அன்று, அண்ணி எல்லாரையும் கிளப்பிவிட்டாள். "நம்மள நம்பி வர்ற பொண்ணு. உடுப்பெல்லாம் மாவாக்கியா அனுப்புறது? மானம் போயிடும்." பெருக்கினோம், தண்ணீர் தெளித்தோம், ஈரச் சாக்கு விரித்தோம். முதலாளியும் தன் பங்குக்குப் பெரிய அரவையை நிறுத்தச் சொன்னார். "இந்தச் சத்தத்துல அந்தப் பொண்ணு எப்படிப் பேசும்?" மனுஷன் திருந்திவிட்டார் என்று நினைத்தோம். எங்கள் புத்தி அவ்வளவுதான்.

பிறகு ஆலைக்குப் பின்னால் இருக்கும் வரிசை வீடுகளுக்கு வந்தாள். அவையும் முதலாளியுடையவைதான். ஒரே அறை, அதிலேயே அடுப்பு, அதிலேயே படுக்கை. அண்ணி கொடுத்த தேநீரைக் குடித்தபடி அவள் கேட்கக் கேட்க, ஒளிவுமறைவில்லாமல் சொன்னோம். அடுப்புப் புகை, ஈரம் கசியும் சுவர், எந்நேரமும் சாத்திக் கிடக்கும் ஜன்னல். போகும்போது அண்ணனின் கையைப் பிடித்து, "உங்களுக்கு ஒரு வழி பிறக்கும்ணா" என்றாள்.

பிறந்தது. ஒருநாள் முதலாளி அண்ணனைக் கூப்பிட்டனுப்பினார். நானும் கூடப் போனேன்.

"ஆராய்ச்சி முடிஞ்சிருச்சு. ஆலையில தூசி அளவோடதான் இருக்காம். நோய் உங்க வீட்டுல இருக்கு. புகை, காத்தே போகாத ரூம். அதுக்கு நான் வைத்தியம் பாக்க முடியுமா? உனக்கு இனி வேலை இல்ல. வீட்டையும் காலி பண்ணிடு."

அண்ணன் வாயைத் திறந்தார், இருமல்தான் வந்தது. மூச்சு இருந்தால்தானே பேச.

"அந்த வீடு யாரோடது முதலாளி?" என்றேன்.

"என்னோடதுதான். அதுக்கென்ன?"

"ஜன்னலை ஏன் சாத்துறோம்? திறந்தா உங்க ஆலை மாவு சோத்துல விழுது."

"அதையெல்லாம் படிச்சவகிட்டப் போய்க் கேளு."

கேட்டேன். அவள் கொடுத்திருந்த எண்ணுக்குப் போன் போட்டேன்.

"கருவி காட்டினதத்தான்கா எழுதினேன்."

"அன்னைக்கு அரவை நின்னிருந்துச்சே, அதை எழுதினியாம்மா?"

"முதல்ல எழுதினேன்கா. முதலாளி எடுக்கச் சொன்னார். அவர் பணத்துலதான் இந்த ஆராய்ச்சியே நடந்துச்சு" என்றாள்.

முதலாளியிடம் நாங்கள் எதையும் எதிர்பார்த்ததில்லை; அதனால் அவர் செய்ததற்கு நான் அழவில்லை. இவளிடம் எங்கள் அடுப்படியையே திறந்து காட்டினோம். கூடப் பிறந்தவள் மாதிரி உட்கார்ந்து கேட்டுவிட்டு, சொன்னதையே எடுத்து எங்கள் கழுத்தை அறுத்துவிட்டாள்.

மறுநாள் சாப்பாட்டு வேளையில் எல்லாரிடமும் சொன்னேன். அண்ணி தலையில் அடித்துக்கொண்டாள். "தண்ணி தெளிக்கச் சொன்னது நான்தானே! என் புருஷனுக்கு நானே குழி வெட்டிட்டேனே!"

"நீங்க சொன்னீங்க, தெளிச்சது நாங்க எல்லாருந்தான்" என்றான் மூட்டை தூக்கும் பயில்வான். ஊதினால் பறந்துவிடுவான், பட்டப்பெயர் மட்டும் பயில்வான். "எல்லாருமா சேர்ந்தே கேப்போம். அரவை ஓடுறப்ப வந்து அளக்கட்டும்."

"நம்மளையும் வெளிய தள்ளிட்டா?" என்று யாரோ கேட்டார்கள்.

கல் உடைக்கிறவர் சாப்பிட்ட கையைக் கழுவினார். "எனக்கும் இருமல் ஆரம்பிச்சிருச்சு. சும்மா இருந்தாலும் அடுத்த பூட்டு என் வீட்டுக்குத்தான்."

அப்போதே எங்களை வேலை வாங்கும் மேஸ்திரி கையில் பூட்டோடு வரிசை வீடுகளுக்குப் போவது தெரிந்தது. மணி அடித்தது. அரவையில் கல் போடப் போக வேண்டிய கல் உடைக்கிறவர், மேஸ்திரிக்குப் பின்னால் நடந்தார். நாங்களும் நடந்தோம்.

அண்ணன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருக்க, மேஸ்திரி பாத்திரங்களை வாசலில் அடுக்கிக்கொண்டிருந்தார். யாரும் அவர்மேல் கை வைக்கவில்லை. பயில்வான் ஒரு குண்டானைத் தூக்கி உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டு, அங்கேயே சம்மணமிட்டு உட்கார்ந்தான். பிறகு கல் உடைக்கிறவர். பிறகு அண்ணி, நான், ஒவ்வொருவராக எல்லாரும். முழங்காலோடு முழங்கால் இடித்தது. உள்ளே இடம் கிடைக்காதவர்கள் வாசலை அடைத்து உட்கார்ந்தார்கள்.

"என் பொழப்பைக் கெடுக்காதீங்கப்பா" என்று மேஸ்திரி கெஞ்சினார். "முதலாளிகிட்ட நான் என்னன்னு போய்ச் சொல்ல?"

அண்ணன் மூச்சை இழுத்துப் பிடித்தார். அவர் பேசட்டும் என்று எல்லாரும் காத்திருந்தோம்.

"அரவையை ஓட்டி அளக்கச் சொல்லுங்க. அதுவரைக்கும் இந்த வீட்டுல நாங்க எல்லாரும் குடியிருக்கோம்னு சொல்லுங்க."