ஹெர்ஷல் டாக்கெட்டின் சவரக்கோடு

ஹெர்ஷல் டாக்கெட்டின் சவரக்கத்தியின் கூர், 1955ஆம் ஆண்டு அக்டோபர் எட்டாம் தேதி சனிக்கிழமை பிற்பகலில், கத்தியை விட்டுக் கால் அங்குலம் வெளியே வந்து நின்றது. ஆர்கன்சா மாநிலத்தின் பார்லோ கேப் என்ற ஊரில், அவர் வீட்டுச் சமையலறை மேசையில் இது நடந்தது. அன்று மதியம் கெளுத்தி மீனும் சோளரொட்டியும் சாப்பிட்டிருந்தார்கள். வானம் தெளிவாக இருந்தது.

ஹெர்ஷல் கவுண்டி சாலைத் துறையில் நிலம் அளக்கும் வேலை பார்த்தார். சனிக்கிழமைகளில் மதியச் சாப்பாடு முடிந்ததும் வீட்டில் கத்தி தீட்டுவார். ஊருக்குப் பின்னாலிருந்த மலை முழுக்க வெள்ளைத் தீட்டுக்கல்தான். பல வீடுகளில் கதவு சாத்தாமல் இருக்க முட்டுக் கொடுப்பதே அந்தக் கல்தான் என்பதால், அதை யாரும் பெரிதாக நினைத்ததில்லை. கல்லின் மேல் மூன்று சொட்டு எண்ணெய் விட்டு, கத்தியின் முதுகும் கூரும் ஒன்றாகப் படியும்படி வைத்து, கூர் முன்னே போகுமாறு தள்ளி, கடைசியில் முதுகின் மேல் புரட்டித் திரும்ப இழுப்பார். போய்த் திரும்பினால் ஓர் இழுப்பு. அது முடிந்ததும் கதவுச் சட்டத்தில் ஆணியடித்து மாட்டியிருந்த தோல் வாரில் நாற்பது தேய்ப்பு. அதன் பிறகு சோதனை. ஒரு முடியை விரலிடுக்கில் தொங்கவிட்டுக் கூரில் பட வைத்தால், அது சத்தமில்லாமல் இரண்டாக வேண்டும். ஹெர்ஷலுக்கு இருபத்தாறு வயதிலேயே தலை வழுக்கை. இடது கையிலிருந்த முடி 1946இல் தீர்ந்தது, வலது கை 1949இல். அதிலிருந்து சோதனைக்கு அவர் மனைவி வெர்லீனின் தலைதான்.

"பிடுங்கிக்கோ, ஆனா ஒரே எடத்துல பிடுங்காத. வகிடு நெடுஞ்சாலை மாதிரி ஆயிட்டு வருது. ஒங்க டிபார்ட்மென்ட் வந்து தார் போட்ரப் போவுது" என்பார் வெர்லீன்.

முடி எப்போதும் இரண்டாகத்தான் விழுந்தது. அதைப் பார்த்துவிட்டு ஹெர்ஷல் எப்போதும் ஒரே வார்த்தைதான் சொன்னார்: "இன்னும் பத்து இழுப்பு." கத்தி தீட்டத் தொடங்கிப் பதினொரு வருஷம் ஆகியும், கூர் முடிந்துவிட்டது என்று ஒரு சனிக்கிழமைகூட அவருக்குத் தோன்றவில்லை.

அந்த அக்டோபர் சனிக்கிழமை முடி கத்தியைத் தொடும் முன்பே இரண்டாக விழுந்தது. இன்னொரு முடியைக் கூரிலேயே வைத்துத் தேய்த்துப் பார்த்தார், ஒன்றும் ஆகவில்லை. அளவுகோலை எடுத்து அளந்தார். இரும்பிலிருந்து கால் அங்குலம் தள்ளி, எல்லாப் பக்கமும் ஒரே தூரத்தில், கூர் நின்றது. வேறு யாராக இருந்தாலும் கத்தியை மடக்கி வைத்திருப்பார்கள். ஹெர்ஷல் இன்னும் பத்து இழுத்தார். அரை அங்குலம் ஆயிற்று.

கிறிஸ்துமஸுக்குள் இரண்டு அடி. கத்தியை மேசையில் விட்டுவிட்டு ஹெர்ஷல் அடுப்பருகே நின்று சவரம் செய்துகொண்டார். ஈஸ்டருக்குள் கூர் வீட்டுக்கு வெளியே போய்விட்டது. அவரும் முகத்தில் நுரையோடு தக்காளிச் செடிகளுக்கு நடுவே போய் நின்றார். இழுக்க இழுக்கத் தூரம் கூடும் வேகமும் கூடியது. 1957 ஜனவரியில் அவர் துறையின் அளவுநாடாவால் அளந்தபோது நானூற்றுப் பத்து கெஜம் வந்தது. நானூற்றுப் பன்னிரண்டு என்றும் ஒரு குறிப்பு உண்டு. நாடா வெயிலில் நீண்டிருக்கலாம். கூர் இப்போது ஊருக்குள் ஒரு பெரிய வட்டமாக நின்றது. பிரதான வீதியை அது வங்கிக்கும் தபால் நிலையத்துக்கும் நடுவில் வெட்டிச் சென்றது. யாருக்கும் காயமில்லை. முகத்து முடியையும் பிடுங்கிய முடியையும் மட்டுமே அது வெட்டியது, தலையைத் தொடவில்லை. ஏன் என்று கேட்டவர்களிடம் ஹெர்ஷல், "அது சவரக்கத்திங்க" என்றார். வேறு விளக்கம் கிடைக்கவில்லை.

ஊர் அதை நல்லபடியாகவே எடுத்துக்கொண்டது. ஹெர்ஷல் சாலைக்குப் பூசும் வெள்ளை வண்ணத்தால் வீதியின் குறுக்கே கோடு போட்டுக் கொடுத்தார். காலையில் ஆண்கள் முகத்தில் சோப்பு நுரையோடு வந்து கோட்டைத் தாண்டினார்கள். தாண்டும்போது ஒரு சவரம், திரும்பி வரும்போது எதிர்ச்சவரம். ஊர் நாவிதர் நாற்காலியைக் கோட்டருகே கொண்டுவந்து போட்டு, சுடுதுண்டு மட்டும் கொடுத்து வந்தார். முந்திய கோடையில் மென்மயிர் மூடிய பீச் பழங்கள்கூடக் கோட்டைத் தாண்டியவை வழவழவென்று இருந்தன.

தகராறு நூற்றாண்டு விழாவால் வந்தது. பார்லோ கேப் 1857இல் உண்டான ஊர். நூறு வயதாகும் ஊரில் ஆண்கள் எல்லாரும் தாடி வளர்க்க வேண்டும், வளர்க்காதவர்களைக் கேலி நீதிமன்றத்தில் நிறுத்திக் குதிரைத் தொட்டியில் முக்க வேண்டும் என்பது அந்தப் பக்கத்து வழக்கம். மேயர் ஓடெல் பிக்கெட் அதற்கும் ஒரு படி மேலே போய், ஜூலை நான்காம் தேதி "நூறு வருஷம், நூறு தாடி" என்று ஒரு படம் எடுப்பதாக அறிவித்து, லிட்டில் ராக்கிலிருந்து பத்திரிகைக்காரரையும் வரச் சொல்லிவிட்டார். மேயர் வீடு கோட்டுக்கு உள்ளே, நகர மன்றம் கோட்டுக்கு வெளியே. பிப்ரவரியில் மூன்று முறை தாடி வளர்த்து மூன்று முறையும் வேலைக்குப் போகும் வழியில் இழந்தார். நான்காம் முறை தலையில் மாவுச்சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு தாண்டினார். அந்தப் பக்கம் போய்ச் சாக்கைக் கழற்றியபோது தாடி சாக்குக்குள் இருந்தது. அதன் பிறகு அவர் நகர மன்றத்திலேயே கட்டில் போட்டுக்கொண்டார். மனைவி கோட்டைத் தாண்டிச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்தார்.

ஏப்ரல் முதல் வாரம் மேயர் ஹெர்ஷலை நகர மன்றத்துக்கு அழைத்தார். மேசையில் ஒரு காலிச் சோடா பாட்டில் இருந்தது. கத்தி தீட்டுகிற எல்லாருக்கும் தெரியும், கூரைக் கண்ணாடி விளிம்பில் ஒரு முறை இழுத்தால் அது செத்துவிடும்.

"ஏப்பா ஹெர்ஷல், ஒரே இழுப்பு. கத்தியக் கொண்டாந்து இதுல இழுத்துரு. ஊர் பொழச்சுக்கும்" என்றார் மேயர்.

"பதிமூணு வருஷமாச்சு மேயரே அதைத் தீட்ட ஆரம்பிச்சு."

"எனக்கு இந்தத் தாடி அஞ்சு வாரம்ப்பா. ஊர்ல நாப்பத்தி மூணு பேருக்கு ஏதோ மொளச்சிருக்கு. என்னால இனிமே இந்தக் கட்டில்ல படுக்க முடியாது, முதுகு ஒடியுது."

"கண்ணாடில இழுக்க மாட்டேங்க."

"அப்ப பொதச்சிருவோம். நூற்றாண்டு கொண்டாடுற ஊர்லல்லாம் சவரக்கத்திக்கு சாவு எடுக்குறாங்கல்ல? அவங்க ஒடஞ்ச கத்தியப் பொதைக்கிறாங்க, நாம உன்னதப் பொதைப்போம். திருவிழா முடிஞ்சதும் தோண்டி எடுத்துக்கோ."

பாட்டிலா குழியா என்று கேட்டால் குழிதான் மேல் என்று ஹெர்ஷல் ஒப்புக்கொண்டார். புறப்படும்போது அவருக்கு ஒரு சந்தேகம் வந்தது. தன் சந்தேகங்கள் மேல் அவருக்குப் பெரிய நம்பிக்கை இல்லாததால் அதைச் சொல்லாமல் வந்துவிட்டார்.

சவ ஊர்வலம் ஏப்ரல் பதின்மூன்று, சனிக்கிழமை. பைன் பலகையில் இரண்டடிச் சவப்பெட்டி. முன்னால் பள்ளி வாத்தியக்குழு. கறுப்பு முக்காடு போட்டு வெர்லீன் பெட்டிக்குப் பின்னால் அழுதுகொண்டு வந்தார். அது நடிப்பு என்று எல்லாரும் கைதட்டினார்கள், பாதி நடிப்புதான். ஹெர்ஷலின் வீட்டிலிருந்து கிழக்கே தொள்ளாயிரம் கெஜம் தள்ளி பேஸ்பால் மைதானத்தில் குழி தோண்டியிருந்தது. கோட்டுக்கு வெளியே பத்திரமாக இருக்கட்டும் என்று தாடிக்காரர்கள் நாற்பத்து மூன்று பேரும் மேயரோடு முன்கூட்டியே போய் மைதானத்துப் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார்கள். நாற்பத்து நான்கு என்பவர்கள் போதகரையும் சேர்த்துக்கொள்கிறார்கள். அவர் முகத்தில் இருந்தது தாடிதானா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு.

கத்தி நடந்தால் கோடும் நடக்கும் என்பதுதான் ஹெர்ஷலின் சந்தேகம். வேறு யாரும் அதை யோசிக்கவில்லை. பெட்டி இன்னும் நானூற்றுப் பத்து கெஜம் தள்ளி வந்துகொண்டிருந்தபோது, முதல் வரிசைத் தாடிகள் மடியில் விழுந்தன. பிறகு இரண்டாம் வரிசை. மேல் வரிசையில் இருந்தவர்கள் எழுந்து பின்பக்கம் குதிக்கப் பார்த்தார்கள், அதற்குள் வாத்தியக்குழு இன்னும் நான்கு எட்டு வைத்துவிட்டது. பெட்டி மைதானத்துக்குள் நுழைந்தபோது படிக்கட்டு முழுக்க வழவழவென்று இருந்தது. மேயர் தன் தாடியை இரண்டு கையிலும் ஏந்தியபடி நின்றார்.

"பாட்டிலைக் கொண்டாங்கடா" என்றார்.

பாட்டில் வந்தது. ஹெர்ஷல் பெட்டியைத் திறந்து கத்தியை எடுத்து நெஞ்சோடு வைத்துக்கொண்டார். "கூர் ஜாஸ்தியானதால இல்லைங்க இது. கூர் பத்தாததாலதான். இன்னும் கொஞ்சம் தீட்டுனா ஊரைத் தாண்டிப் போயிரும். எனக்கு அப்படித்தான் படுது. தப்பாவும் இருக்கலாம்" என்றார்.

"பத்தலையா? நாப்பத்தி மூணு பேர் மொகத்தைப் பாத்துட்டு கூர் பத்தலைங்கிறியே, நீ மனுஷனா?"

அப்போது வெர்லீன் முக்காட்டை விலக்கினார். "ஓடெல், இந்த ஆளு பதிமூணு வருஷமா இன்னும் பத்து, இன்னும் பத்துன்னு என் உசுரை வாங்குறான். இந்த ஒலகத்துல ஒருத்தராவது ஒரு தடவையாவது அவன் கேட்ட பத்தை முழு மனசோட குடுத்திருக்காங்களா? குடுத்துப் பாருங்க. போறதுக்கு இனிமே உங்க மூஞ்சில என்ன இருக்கு?"

பாட்டில் கொண்டுவந்தவர் அதைப் புல்லில் வைத்தார்.

ஹெர்ஷல் சட்டைப்பையிலிருந்து கல்லை எடுத்தார். சவப்பெட்டியின் மூடியில் வைத்து எண்ணெய் விட்டுத் தீட்டத் தொடங்கினார். நாற்பதாவது இழுப்பில் கோடு ஊரின் மேற்குக் கோடியைத் தாண்டியது. வழியில், கணக்கில் வராமல் வீட்டிலேயே தங்கிவிட்ட ஏழு பேருடைய தாடிகளும் போயின. நூற்றிருபதில் ஆற்றைக் கடந்தது. மாலை ஐந்தே முக்காலுக்கு ஒன்பது மைல் தள்ளியுள்ள ஸ்டோக்ஸ் ஃபெரியிலிருந்து நகர மன்றத்துக்குத் தொலைபேசி வந்தது. அதுவும் நூற்றாண்டுக்குத் தாடி வளர்த்துக்கொண்டிருந்த ஊர்தான். பேசியவர் அழுகிறாரா கத்துகிறாரா என்று எடுத்தவருக்குப் புரியவில்லை. போதும் என்று சொல்லச் சொல்லி மேயர் ஆள் அனுப்பினார். ஹெர்ஷல் இன்னும் பத்து இழுத்துவிட்டே நிறுத்தினார். பதினொரு மைல். அவர் கத்தியை வீட்டுக்கு எடுத்துப்போனபோது தூரத்தில் கோடும் அரை மைல் மேற்கே நகர்ந்தது. அங்கே ஓர் ஆட்டுக்கிடா தாடியை இழந்ததாகப் பதிவு இருக்கிறது.

பார்லோ கேப்பில் தாடிகள் தொந்தரவின்றி வளர்ந்தன. மேயர் தன் வீட்டில் தூங்கினார். ஆனால் மே மாதக் கடைசியில் எண்ணிப் பார்த்தபோது தொண்ணூற்றொன்பது வந்தது. மறுபடி எண்ணினாலும் அதுவே வந்தது. ஊரில் மழித்த முகத்தோடு இருந்த ஒரே ஆள் ஹெர்ஷல். அவர் இரண்டு நாளுக்கு ஒரு முறை நுரை பூசிக்கொண்டு பதினொரு மைல் வண்டி ஓட்டிப் போய்வந்தார்.

மேயர் ஹெர்ஷலின் சமையலறைக்கு வந்து தொப்பியைக் கழற்றினார். "ஹெர்ஷல், வண்டிய எடுக்காதப்பா. அஞ்சே வாரம். உன்னைக் கும்பிட்டுக் கேக்குறேன்."

"அரிக்குமே."

"எல்லாருக்கும் அரிக்குதுப்பா! ஊரே சொறிஞ்சுக்கிட்டுதான் நிக்குது!"

ஹெர்ஷல் தாடையைத் தடவிப் பார்த்தார். பிறகு, இனி எந்தக் கண்ணாடியும் அந்தக் கத்தியின் அருகே வராது என்று மன்றத்தில் தீர்மானம் போட்டுத் தந்தால் வளர்க்கிறேன் என்றார். மறுநாளே தீர்மானம் நிறைவேறியது. எதிர்ப்பு ஒன்றுகூட இல்லை. சோடா பாட்டிலை மேயர் தன் கையாலேயே கடைக்குத் திருப்பிக் கொடுத்தார்.

ஜூலை நான்காம் தேதி எடுத்த படத்தில் நூறு தாடிகள் உள்ளன. மூன்றாம் வரிசையில் இடமிருந்து ஏழாவது ஹெர்ஷல். தாடி திட்டுத்திட்டாக இருந்தது, ஆனால் தாடிதான். மேயர் படிக்கட்டின் உச்சியில் நின்றுகொண்டு அழுதார். ஸ்டோக்ஸ் ஃபெரி அந்த ஆண்டுப் படத்தில் சிரிக்கவில்லை.

அதன் பிறகும் சனிக்கிழமைகள் வந்தன. 1959இல் சவரத்துக்கு நாற்பது மைல் போக வேண்டியிருந்தது, 1961இல் நூற்றுத் தொண்ணூறு. ஹெர்ஷலும் வெர்லீனும் வெள்ளிக்கிழமை கிளம்பி, வழியில் எங்காவது தங்கி, காலையில் நெடுஞ்சாலையோரம் வண்டியை நிறுத்தி, நுரை பூசி, நான்கு எட்டு நடந்து திரும்புவார்கள். அங்கங்கே சாலைத் துறையினர் வெள்ளைக் கோடு போட்டு வைத்திருந்தார்கள். பக்கத்தில் வரிசையாக லாரிக்காரர்களும் நின்றார்கள். டெக்சஸ் எல்லையில் ஓர் உணவகத்தில் பெக்கான் பை என்ற இனிப்பு நன்றாக இருந்ததாக வெர்லீன் சொல்லியிருக்கிறார்.

1962 மார்ச்சில் ஒரு சனிக்கிழமை, ஹெர்ஷல் கத்தியை மடக்கப் போனபோது வெர்லீன் வரைபடத்தை மேசையில் விரித்தார்.

"இன்னும் பத்து இழுத்தா கடல் வரைக்கும் போவுமா?"

ஹெர்ஷல் விரலால் அளந்தார். "கரைக்குக் கொஞ்சம் முன்னாடி நிக்கும்."

"அப்ப இருபது இழு. நான் கடலப் பாத்ததே இல்ல."

கரையில் சோதித்துப் பார்க்க என்று வெர்லீன் தலையைக் குனிந்து முடியைக் காட்டினார். ஹெர்ஷல் கல்லில் மூன்று சொட்டு எண்ணெய் விட்டார்.