இரண்டாவது பதிவு

என் வீட்டுக்காரர் சுப்பராமனுக்கு ஓய்வு பெற்ற நாளிலிருந்து ஒரே வேலைதான்: பால்கனியில் உட்கார்ந்துகொண்டு ஊரைத் திருத்துவது. மயிலாப்பூர் மாட வீதியில், இரண்டாவது மாடியில் எங்கள் வீடு. கீழே நடைபாதையில் கீரை, பூ, மாங்காய் இஞ்சி என்று வரிசையாகக் கடைகள். குப்பை வண்டி வராவிட்டால் ஒரு படம், நடுத்தெருவில் மாடு படுத்திருந்தால் ஒரு படம். எடுத்த கையோடு முகநூலில் போட்டு, கூடவே நாலு வரி சாட்டையடி. காலமெல்லாம் கணக்கு வாத்தியாராக இருந்தவர். தப்பைச் சிவப்பு மையில் சுழிக்காவிட்டால் சாப்பாடு இறங்காது.

"ஏன்னா, ஊர் ஓட்டையெல்லாம் தெரியறதே, நம்மாத்துக் குழாய் ஒழுகறது தெரியலையா?" என்று கேட்டால் சிரிப்பார்.

ஆடி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் அவர் எடுத்தது வேறு மாதிரிப் படம், வீடியோ. நடைபாதைக் கடைகளுக்கு உரிமம் பார்க்கும் அதிகாரி மணிமொழி கடை கடையாக நின்று முந்தானையை ஏந்துகிறாள். கடைக்காரிகள் சுருக்குப்பையைத் திறந்து அதில் காசு போடுகிறார்கள். மேலே இருந்து எடுத்ததால் பேச்சு எதுவும் கேட்கவில்லை. 'மடியை விரித்து மாமூல்! ஏழை வயிற்றில் அடிக்கும் அதிகாரி!' என்று எழுதி, அவள் பெயரையும் போட்டுவிட்டார்.

சாயந்திரத்துக்குள் ஊரெல்லாம் பரவிவிட்டது. முன்பின் தெரியாத ஆண்களெல்லாம் அவளைப் பற்றி எழுதியதைப் படிக்கவே கூசியது. இவருக்கோ தலைகால் புரியவில்லை. எங்கள் பிள்ளை சாய்நாத் கே.கே. நகரிலிருந்து போன் பண்ணி, "அப்பா, நீ ஃபேமஸ் ஆயிட்டே" என்றான். அந்த வாரமே மணிமொழியை சஸ்பெண்ட் செய்தார்கள். அன்றைக்கு என்னைப் பாயசம் வைக்கச் சொன்னார். நானும் முந்திரி வறுத்துப் போட்டு வைத்தேன்.

பாயசம் ஜீரணமாவதற்குள் போலீஸிலிருந்து போன் வந்தது. அரசு ஊழியரைப் பற்றி அவதூறு பரப்பியதாக மணிமொழியின் சங்கத்துக்காரர்கள் புகார் கொடுத்திருக்கிறார்களாம். திங்கட்கிழமை நேரில் வந்து விளக்கம் சொல்ல வேண்டுமாம். வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்டவர் முகத்தை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"உண்மையைச் சொன்னா அவதூறு ஆகாது ஜானு," என்றார். "யாராவது ஒருத்தி, 'ஆமா, மாமூல் குடுத்தேன்'னு சொன்னா போறும். நீ வேலம்மாகிட்டப் பேசிப் பாரேன்."

வேலம்மா எங்கள் வாசலிலேயே பூ விற்பவள். எனக்குத் தினமும் முழம் போட்டுக் கொடுத்துவிட்டு, முழத்துக்கு மேல் நாலு விரல் விடுவாள். படத்தில் அவளும் இருந்தாள். நான் விஷயத்தைச் சொன்னதும் பூ கட்டுவதை நிறுத்தினாள்.

"மாமூலா? இன்னா மாமி நீ! அது மடிப்பிச்ச. மாரியாத்தாளுக்கு வேண்டிகினு மடியேந்தி வாங்கினு போச்சு. நாங்கோ கையில கீற சில்லறைய போட்டோம். அதுக்கு மாமூல்னு பேரு வெச்சவன் நாக்கு அழுவ!"

அந்த நாக்கு என் வீட்டில்தான் இருந்தது. நான் அதைச் சொல்லவில்லை.

"மஞ்சப் புடவை இல்ல, வேப்பிலை இல்ல. எப்படித் தெரியும் வேலம்மா?"

"ஆபீஸ் நடுவுல வந்துச்சு மாமி. அது வூட்டாண்ட ஏந்தினா எதுக்கு, யாருக்குன்னு நோண்டுவாங்கோ. நாங்கோ ஒண்ணியும் கேக்க மாட்டோம்னு இங்க வந்துச்சு." அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலை இறக்கினாள். "அப்பால அதுவே எங்களாண்ட சொல்லிச்சு, அதோட பொண்ணுக்கு மனசு சரியில்லன்னு. காலேஜுக்குப் போவாம ரூமுக்குள்ளயே கெடந்துச்சு. இப்பதான் தேறிகினு வருது."

"விசாரணைல இதைச் சொன்னா வேலை தப்பிக்குமே?"

"அத்தான் நாங்களும் சொன்னோம். நாங்கோ வந்து சாட்சி சொல்றோம்னா, கைய புடிச்சிகிச்சு. 'வேல போனா போவுது வேலம்மா, எம் பொண்ணு விசயம் வெளிய வரக் கூடாது'ன்னுது. நீயும் யாராண்டயும் சொல்லிடாத மாமி."

மாடி ஏறுவதற்குள் எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. இவரைப் பார்த்ததும் கொட்டித் தீர்த்துவிட்டேன், பெண் விஷயம் உட்பட.

"புரட்டாசி சனிக்கிழமை நாமத்தைப் போட்டுண்டு, சொம்பைத் தூக்கிண்டு, 'கோவிந்தா'ன்னு வீடு வீடா அரிசி வாங்கினேளே சின்ன வயசுல, அது என்ன, மாமூலா? நீங்க பண்ணினா பக்தி, அவ பண்ணினா லஞ்சமா?"

அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் விடவில்லை. "போட்ட கையாலேயே மன்னிப்புக் கேட்டு எழுதுங்கோ" என்றேன்.

எழுதினார். எனக்கு வாசித்தும் காட்டினார். 'மனநோயில் வாடும் தன் கல்லூரி மகளுக்காக ஒரு தாய் எடுத்த மடிப்பிச்சையை நான் லஞ்சம் என்று எழுதினேன். வெட்கப்படுகிறேன்' என்று இருந்தது. கேட்டபோது எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "நன்னா எழுதியிருக்கேள், போடுங்கோ" என்றேன். வேலம்மா கேட்டுக்கொண்டது அந்த நேரத்தில் நினைவுக்கே வரவில்லை. தாயின் கதை என்றதும் உருகிப்போன எனக்கு, அந்தப் பெண் இதைப் படிப்பாளே என்று தோன்றவில்லை.

முதல் பதிவைவிட இது வேகமாகப் பரவியது. 'பெரிய மனசு சார் உங்களுக்கு' என்று ஆளாளுக்குக் கையெடுத்துக் கும்பிட்டார்கள். மணிமொழிக்கு வேலை திரும்பக் கிடைத்தது. சங்கத்துக்காரர்கள் புகாரை வாபஸ் வாங்கினார்கள். "ஒரு வழியா சரி பண்ணிட்டேன் ஜானு" என்று இவர் பெருமூச்சு விட்டார். வேலம்மா மட்டும் நான் பூ கேட்டால் தெருவைப் பார்த்துக்கொண்டு, "கட்டல" என்றாள். எதிரில் கூடை நிறையக் கட்டின பூ இருந்தது. 'யாராண்டயும் சொல்லிடாத' என்று அவள் கேட்டுக்கொண்டது அப்போதுதான் எனக்கு நினைவுக்கு வந்தது.

நேரிலும் மன்னிப்புக் கேட்டுவிடலாம் என்று பழம் வாங்கிக்கொண்டு மணிமொழி இருந்த கோட்டூர்புரம் குடியிருப்புக்குப் போனோம். அவள் எங்களை உள்ளே கூப்பிடவில்லை. வெளியே வந்து, கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு, மாடிப்படி ஓரத்தில் நின்றாள்.

"மெதுவாப் பேசுங்க சார். உள்ள கேக்கும்."

"அம்மா, நான் பண்ணினது பெரிய தப்பு..." என்று இவர் ஆரம்பித்தார்.

"மொதல்ல நீங்க போட்டது என் பேரு. அது போகட்டும் சார், திட்டு வாங்கறது இந்த உத்தியோகத்துல பழகினதுதான். ரெண்டாவது போட்டது என் பொண்ணு." அவள் அழவில்லை, அதுதான் பயமாக இருந்தது. "அவ தனியா பஸ் ஏறிக் காலேஜ் போக ஆரம்பிச்சிருந்தா. உங்க மன்னிப்பைப் படிச்சுட்டு கூடப் படிக்கிறவங்க, 'சீக்கிரம் குணமாகட்டும்'னு அவளுக்கே அனுப்பியிருக்காங்க. நல்ல மனசோடதான் அனுப்பியிருக்காங்க. இப்ப ரூம் கதவத் திறக்க மாட்டேங்கறா. 'எதுக்கும்மா எனக்காகப் பிச்சை எடுத்தே'ன்னு கேக்கறா."

இவர் பையிலிருந்து போனை எடுத்தார். "இதோ, இப்பவே அழிச்சுடறேன்." இரண்டு முறை தப்பாகத் தொட்டு, கடைசியில் அழித்தார்.

"எல்லார் போன்லயும் இருக்கு சார்," என்றாள் மணிமொழி. பழப் பையை வாங்கவில்லை. "செவ்வாய்க்குச் செவ்வாய் ஏந்தறதா வேண்டிக்கிட்டது வேற பாதியில நிக்குது. அந்தத் தெருவுல இனி நான் எப்படிங்க மடியேந்தறது?"

திரும்பி வரும்போது ஆட்டோவில் இவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கா முடிஞ்சுடுத்தேடி" என்றார். நான் கையை உருவிக்கொண்டேன். அவர் மேல் மட்டுமா கோபம்? 'நன்னா எழுதியிருக்கேள்' என்று சொன்ன வாய் என்னுடையது. வாசலில் இறங்கியதும் அந்தப் பழத்தைக் காவலாளியிடம் கொடுத்துவிட்டேன்.

அடுத்த செவ்வாய்க்கிழமை மத்தியானம் குளித்துவிட்டுக் கீழே இறங்கினேன். இவர் எங்கே என்று கேட்கவில்லை. வேலம்மா முன்னால் போய் நின்று முந்தானையை விரித்தேன். இந்த வயதுவரை ஒருவரிடமும் கை நீட்டாத எனக்குக் காது மடலெல்லாம் சுட்டது.

வேலம்மா நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். பிறகு எங்கள் பால்கனியைப் பார்த்தாள். அங்கே காலி நாற்காலிதான் இருந்தது.

"யாருக்கு மாமி?"

"சொல்ல மாட்டேன் வேலம்மா."

"எதுக்கு?"

"அதையும் சொல்ல மாட்டேன். அடிச்சுக் கேட்டாலும் சொல்ல மாட்டேன்."

அவள் இடுப்பிலிருந்து சுருக்குப்பையை எடுத்து, ஒரு காசை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, மடியில் போட்டாள். "யாரு ஏந்தினா இன்னா, ஆத்தாளுக்குத் தெரியும். போ, அடுத்த கடையில கேளு" என்றாள்.

எதிர் வீட்டு மாடியில் யாரோ ஒரு பையன் போனைத் தூக்கி என் பக்கம் பிடித்தான். நான் முந்தானையை இறக்கவில்லை. அடுத்த கடைக்குப் போய் நின்றேன்.